வயலுக்குத் தண்ணீர் சாஃப்ட்னர் வாங்கி ஏமாறாதீர்கள்

போர் தண்ணீர் உப்பாக இருக்கிறதென்று வயலுக்கு சாஃப்ட்னர் (கடினத் தண்ணீரை மென்மையாக்கும் கருவி) பூட்ட நினைப்பவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். நான் பணத்தோடு மண்ணையும் கெடுத்துக்கொண்டேன்.

விற்க வந்தவர் இரண்டு டம்ளர் வைத்தார். ஒன்றில் என் போர் தண்ணீர், இன்னொன்றில் கருவி வழியாக வந்தது. இரண்டிலும் சோப்பைக் கரைத்தார். என் தண்ணீரில் திரிந்த பால் மாதிரி திப்பி மிதந்தது. மற்றதில் நுரை பொங்கியது. "உப்பெல்லாம் போயிடுச்சு பாருங்க சார்" என்றார். நம்பிவிட்டேன்.

உப்பு எங்கேயும் போகவில்லை. அந்தக் கருவி கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு சோடியத்தை விடுகிறது. அதற்காகத்தான் அவ்வப்போது அதில் உப்பைக் கொட்டச் சொல்கிறார்கள். சோப்பு நுரைக்கும், குழாயில் காரை படியாது, அது உண்மை. ஆனால் களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடித்து வைப்பது கால்சியம். சோடியம் ஏறினால் துகள்கள் பிரிந்து, மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும்.

இரண்டாம் போகத்திலேயே தெரிந்துவிட்டது. சொட்டு நீர்க் குழாயின் டிரிப்பருக்குக் கீழே தண்ணீர் இறங்காமல் குட்டை கட்டியது. காய்ந்ததும் மேல்மண் ஓடாக இறுகிவிட்டது. நகத்தால் பெயர்த்துப் பார்த்தேன். அடியில் முளை வெளுத்து, மேலே வர வழியில்லாமல் வளைந்து கிடந்தது. அதைப் பார்த்த வேதனை இன்னும் போகவில்லை.

விற்றவரைக் கேட்டால், "இன்னும் கூடுதலா பாய்ச்சுங்க" என்றார். அப்புறம் போனை எடுக்கவே இல்லை.

பிறகுதான் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. தண்ணீரில் மொத்த உப்பு எவ்வளவு என்று காட்டும் மின் கடத்துதிறன், கருவிக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய மீட்டருக்கு 1.4 டெசிசீமன்ஸ்தான். உலக உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டுதலில் 0.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 3ஐத் தாண்டினால்தான் கடும் சிக்கல். என்னுடையது கொஞ்சம் உவர், அவ்வளவுதான். பார்த்துப் பாய்ச்சியிருந்தால் சமாளித்திருக்கலாம். கருவிக்குப் பின் பல மடங்கு ஏறியிருந்தது, கால்சியம், மெக்னீசியத்தோடு ஒப்பிட்ட சோடியம் விகிதம்தான். உவர்த் தண்ணீரைத் திருத்தப்போய் நிலத்தைச் சோடியம் மிகுந்த களராக்கியிருக்கிறேன். இப்போது கால்சியம் உள்ள ஜிப்சம் போட்டு, மழைத் தண்ணீரைத் தேக்கி வடியவிட்டுக்கொண்டிருக்கிறேன். மெதுவாகத்தான் மீள்கிறது.

கான்கிரீட் கலக்கவும் கருவி வழியாக வந்த தண்ணீர் நல்லது என்று விற்றவர் சொன்னதையும் நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது உப்பிலுள்ள குளோரைடு. அதை இந்தக் கருவி தொடுவதே இல்லை.

யாராவது உங்களிடம் நுரை காட்டினால், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் ஒரு டி.டி.எஸ். மீட்டரை சோப்பு போடுவதற்கு முன்னால் இரண்டு டம்ளரிலும் முக்கிப் பாருங்கள். உப்பு போயிருந்தால் எண் இறங்கியிருக்க வேண்டும்.