ஜெனரேட்டர் கேபிளுக்கு லக் போடக் கொடுக்கிறீர்களா? ஸ்லீவ் ஏற்றும் முன் பாருங்கள்

குடியாத்தம் சிரசுத் திருவிழா, ஊருக்கு ஊர் அம்மன் ஜாத்திரை என்று சீசன் முழுக்க கேபிளைக் கழற்றி மாட்டும் லைட்டிங், மைக்செட்காரர்களுக்காக இந்தப் பதிவு.

25 கேவிஏ ஜெனரேட்டர் செட்டின் கேபிள். நாலு கோர், 10 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஃப்ளெக்ஸிபிள். இரண்டு முனைக்கும் சேர்த்து எட்டு லக் (ஒயர் முனையில் பொருத்தி நட்டில் இறுக்கும் ஓட்டையுள்ள உலோகத் துண்டு) போட வேலூர் டவுன் கடை ஒன்றில் கொடுத்தோம். காப்பர் லக், ஹைட்ராலிக் பஞ்ச் (எண்ணெய் அழுத்தக் கருவியால் லக்கை ஒயரோடு நசுக்கி இறுக்குவது) என்று சொல்லித்தான் காசு வாங்கினார்கள். சீசன் முடிவதற்குள் நியூட்ரல் முனையின் ஸ்லீவ் (லக்கின் மேல் ஏற்றும் பிளாஸ்டிக் உறை) பழுப்பேறி உப்பிவிட்டது. வெட்டிப் பார்த்தபோதுதான் வண்டவாளம் தெரிந்தது.

லக்கை பிளேடால் சுரண்டினால் செம்பின் சிவப்பு வர வேண்டும். வந்தது வெள்ளை: அலுமினியத்துக்கு டின் பூச்சு. அதுவும் 16 ஸ்கொயர் லக். ஓட்டை நிறைவதற்காக இழைகளை மடித்துத் திணித்து, சுத்தியலால் தட்டையாக்கி, வாயில் ஈயத்தை ஊற்றியிருக்கிறார்கள். இன்னொரு முனையில் லக் சின்னது; ஒயர் நுழையாததால் வெளி இழைகளை நறுக்கிவிட்டார்கள். 80 இழையில் பத்துக்கு மேல் காணோம். எல்லாவற்றையும் கறுப்பு ஸ்லீவ் மூடி மறைத்திருந்தது. கேட்டால், “ஓவர் லோடு போட்டிருப்பீங்கண்ணே” என்று பதில். அந்த செட்டின் முழு லோடே ஃபேஸுக்கு 35 ஆம்பியர்தான். இந்த கேபிள் தாங்கும்.

அலுமினியமும் செம்பும் சூட்டில் ஒரே அளவு விரியாது. ஏறி இறங்கும் லோடில் பிடி தளரும். நடுவே ஆக்சைடு படியும். ஒரு ஜாயிண்டில் வெறும் 5 மில்லி ஓம் சேர்ந்தால் போதும், 35 ஆம்பியரில் 6 வாட் சூடு கட்டைவிரல் அளவு இடத்தில் நிற்கும். எல்இடி சீரியல் செட் அதிகமானால் ஃபேஸ் லோடு சமமாக இருந்தாலும் நியூட்ரலில் கரண்ட் ஓடும். அந்த லக் விட்டுப்போனால் லோடு குறைந்த ஃபேஸில் 230 வோல்ட் 400ஐ நோக்கி ஏறும். ஆம்ப்ளிஃபையர் போவது அப்படித்தான்.

ஈயம் ஊற்றுவது பலமென்று இன்னும் பலர் நம்புகிறார்கள். ஈயம் ஊறிய இடம் வரை ஒயர் கம்பியாக விறைத்துவிடும். மாட்டிக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் அதன் விளிம்பில்தான் மடங்கும். இழைகள் இன்சுலேஷனுக்குள் ஒவ்வொன்றாக அறும், வெளியே தெரியாது.

சரியான வேலை இதுதான். 8 எம்எம் ஸ்டட்டுக்கு (ஜெனரேட்டரில் லக்கை மாட்டும் மறையுள்ள கம்பி) டின் பூசிய காப்பர் லக், 10-8 (ஒயர் 10 ஸ்கொயர், ஸ்டட் 8 எம்எம்) என்று கேட்டு வாங்குங்கள். ஃப்ளெக்ஸிபிள் ஒயர் கொஞ்சம் பருமன், நுழையாவிட்டால் வாய் அகலமான லக் தேடுங்கள், இழையில் கை வைக்காதீர்கள். லக்கின் குழல் நீளத்தைவிட 1-2 எம்எம் கூடுதலாக, ஓர் இழைகூட வெட்டுப்படாமல் தோலை உரிக்க வேண்டும். டை, அதாவது பஞ்ச் கருவியில் லக்கை நசுக்கும் அச்சு, அந்த லக்குக்கு உரியதாக இருக்க வேண்டும்: பெரிய டை லூசாக விடும், சின்ன டை இரு பக்கமும் காது பிதுக்கும். பஞ்ச் ஆனதும் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள், சுரண்டியும் பாருங்கள். அதன் பிறகே ஸ்லீவ். உட்பக்கம் பசையுள்ள ஸ்லீவ் என்றால் மழைத்தண்ணீர் இறங்காது.

மாட்டும்போது அடி நட்டை ஒரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டே மேல் நட்டை முறுக்குங்கள். இல்லாவிட்டால் ஸ்டட் சேர்ந்து சுற்றி உள் ஒயரை முறித்துவிடும். கேபிளின் எடை லக்கில் தொங்காமல் கிளாம்ப் போடுங்கள். அரை மணி லோடு ஓட்டி, செட்டை நிறுத்திய கையோடு லேசர் தெர்மாமீட்டரை ஸ்லீவ் மேல் காட்டிப் பாருங்கள். பளபளக்கும் லக் மேல் காட்டினால் குறைத்துக் காட்டும். ஒரே லோடுள்ள மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் 10 டிகிரி கூட என்றால் அதை வெட்டி மறுபடி போடுங்கள்.

தினமும் ஸ்டட்டையே கழற்றுவதைவிட, செட்டில் நிரந்தரமாக ஒரு 63 ஆம்பியர், ஐந்து பின் சிவப்பு இண்டஸ்ட்ரியல் சாக்கெட் வைத்துவிடுவது மேல். பிளக்குக்குள் ஸ்குரூவில் போகும் முனைக்கு ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்னக் குழல்) போடுங்கள், அங்கும் ஈயம் வேண்டாம்.

பில்லில் “டின்டு காப்பர் லக் 10-8, எட்டு” என்று எழுதி வாங்குங்கள். வெட்டிய லக்கைத் தூக்கிப் போடாமல் போட்டோவோடு வைத்திருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம் அவகாசம் உண்டு.