"கியர் ஆயில் குறைஞ்சிருக்கு" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்களும், கல்யாணம், அறுபதாம் கல்யாணம், நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல் என்று சென்னை, பெங்களூரிலிருந்து காரிலேயே ஊருக்கு வருகிறவர்களும் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். பஞ்சர் ஒட்டப் போன இடத்தில் எங்கள் அப்பச்சியின் கார் கியர்பாக்ஸைக் கெடுத்து அனுப்பிவிட்டார்கள்.

காரைக்குடியில் ஒரு ஒர்க்‌ஷாப். பெயர் போடவில்லை. கார் பழைய செடான், டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜின் சக்தியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) வகை ஆட்டோமேட்டிக். அப்பச்சி அதைக் கண்ணும் கருத்துமாக வைத்திருப்பவர், சர்வீஸ் தேதி தவறவே மாட்டார். பஞ்சர் போட்டு முடித்ததும் கடைப் பையன் அவராகவே பானெட்டைத் திறந்து, கியர்பாக்ஸில் ஆயில் அளவு பார்க்கிற கம்பியை, அதாவது ஸ்டிக்கை, உருவிக் காட்டியிருக்கிறார்.

"ஐயா, கியர் ஆயில் சுத்தமா இறங்கிருச்சு. இப்படியே சென்னைக்கு ஓட்டுனீங்கன்னா பாக்ஸ் போயிரும்."

"போன மாசந்தானே தம்பி சர்வீஸ் விட்டேன்?"

"அது இன்ஜின் ஆயிலுங்கய்யா. இதை யாரும் பாக்க மாட்டாங்க."

எழுபது வயதைத் தாண்டியவரிடம், மறுநாள் குடும்பத்தோடு நெடுந்தூரம் போகவேண்டிய நேரத்தில் இப்படிச் சொன்னால் அவர் என்ன செய்வார்? ஊற்றச் சொல்லிவிட்டார். லேபிள் இல்லாத ஒரு வெள்ளை கேனிலிருந்து சிவப்பாக எதையோ ஊற்றி, 2,400 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். கையில் கொடுத்தது கடைப் பெயர்கூட அச்சடிக்காத துண்டுச்சீட்டு.

மறுநாள் திருச்சி ரோட்டில் திருமயம் தாண்டும்வரை ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை. கருகல் வாடை வேறு. ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால் கியர்பாக்ஸ் பக்கமெல்லாம் சிவப்பு ஆயில் வழிந்து, சைலன்சர் பைப்பில் சொட்டிப் புகைந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் அப்பத்தா. நல்ல வெயில். ரெக்கவரி வண்டி வரும்வரை அவர்களை ஒரு டீக்கடை நிழலில் உட்கார வைத்திருந்தோம். பணம் போனதைவிட எனக்கு அதுதான் இன்னும் ஆறவில்லை.

திருச்சியில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக்கிடம் விட்டோம். அவர் ஸ்டிக்கை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். மேல் கோட்டுக்கும் மேலே இரண்டு விரல் அளவு ஆயில் ஏறியிருந்தது. அதிலும் பொடிப் பொடியாக நுரை.

"அண்ணே, இது என்ன பெட்ரோலா, ஓட ஓடக் குறையிறதுக்கு? லீக் இல்லாம இந்த ஆயில் குறையாதுண்ணே. குறைஞ்சிருக்குன்னு சொன்னா, எங்க லீக்குன்னு மொதல்ல கேளுங்க" என்றார். பழைய லீக்கின் தடமே வண்டியில் இல்லையாம்.

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். ஆயில் சூடானால் விரியும். அதனால்தான் ஸ்டிக்கில் ஆறிய வண்டிக்குக் கீழே ஒரு அளவும், சூடான வண்டிக்கு மேலே ஒரு அளவும் இருக்கின்றன. பஞ்சர் வேலை முடியும்வரை நிழலில் நின்று ஆறிப்போன வண்டியில், மேல் அளவைக் காட்டி "குறைவு" என்று சொல்லியிருக்கிறார்கள். சரியாக இருந்த ஆயிலோடு லிட்டர் கணக்கில் இன்னும் ஊற்றியதும், உள்ளே சுழலும் பாகங்கள் அதைக் கடைந்து நுரையாக்கிவிட்டன. நுரையில் காற்று இருப்பதால் பிரஷர் நிற்காது. பிரஷர் இல்லாவிட்டால் கிளட்ச் தட்டுகள் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் சூடேறும். மிஞ்சிய ஆயில் காற்றுக் குழாய் வழியே வெளியே தள்ளப்படும். நாங்கள் ரோட்டில் பார்த்தது அதைத்தான்.

இது போதாதென்று, ஊற்றியது என்ன ஆயில் என்றே யாருக்கும் தெரியாது. சிவப்பு என்பது அடையாளத்துக்குச் சேர்க்கும் சாயம்தான், அதை வைத்து ரகம் சொல்ல முடியாது. டெக்ஸ்ரான் 3, டொயோட்டாவின் டபிள்யூ.எஸ்., ஹோண்டாவின் டி.டபிள்யூ-1, ஹூண்டாயின் எஸ்.பி-4 என்று கியர் ஆயில் ரகங்கள் எல்லாமே வேறு வேறு. சி.வி.டி., அதாவது கியர்களுக்குப் பதிலாக பெல்ட்டும் புல்லியும் உள்ள ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் ஆயிலே தனி ரகம். நிசானுக்கு என்.எஸ்-3, ஹோண்டாவுக்கு எச்.சி.எஃப்-2. அதில் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை (ஏ.டி.எஃப்.) ஊற்றினால் பெல்ட்டும் புல்லியும் வழுக்கித் தேய்ந்தே போகும். உங்கள் வண்டிக்கு எது என்று ஓனர் மேனுவலில் போட்டிருக்கும். அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள், ஊரில் இருக்கும் பெரியவர்களின் போனிலும் ஏற்றிவிடுங்கள்.

அளவு பார்ப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. கால்மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டிச் சூடான வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, பிரேக்கை மிதித்தபடி பி, ஆர், என், டி என்று ஒவ்வொன்றிலும் சில நொடி வைத்துத் திரும்பப் பி-க்கு வாருங்கள். இன்ஜின் ஓடும்போதே ஸ்டிக்கை எடுத்து, நூல் பிரியாத துணியால் துடைத்து, முழுக்க உள்ளே விட்டு மறுபடி எடுத்துப் பாருங்கள். ஹோண்டாவின் சில வண்டிகளில் மட்டும் இன்ஜினை அணைத்த கையோடு பார்க்க வேண்டும், மேனுவல் சொல்கிறபடி செய்யுங்கள். சூடான அளவின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே பல வண்டிகளில் அரை லிட்டர்கூடப் பிடிக்காது. எனவே யாராவது லிட்டர் கணக்கில் ஊற்ற வந்தாலே நிறுத்திவிடுங்கள். புதிய கார்கள் பலவற்றில் இந்த ஸ்டிக்கே கிடையாது. லிஃப்டில் ஏற்றி, ஆயில் சூட்டை அளந்து, போல்ட்டைக் கழற்றித்தான் பார்க்க முடியும். அப்படிப்பட்ட வண்டியில் ஸ்டிக்கை உருவிக் காட்டுகிறவர் இன்ஜின் ஆயில் ஸ்டிக்கைத்தான் காட்டுகிறார்.

எங்களுக்கு மொத்தச் செலவு 14,000 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஒரு தடவை வடித்தால் எல்லா ஆயிலும் வந்துவிடாது, டார்க் கன்வெர்ட்டருக்குள் நிறைய தங்கிவிடும். அதனால் வடித்து, ஊற்றி, ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டியிருந்தது. கிளட்ச் தட்டுகளுக்கு எவ்வளவு சேதம் என்பது போகப் போகத்தான் தெரியும் என்கிறார்.

காரைக்குடிக் கடைக்குப் போன் செய்தேன். "இங்கேருந்து போறப்ப வண்டி நல்லாத்தானே போச்சு, திருச்சிக்காரன் காசு பிடுங்கப் பாக்குறான்" என்று வைத்துவிட்டார்கள். விடுவதாக இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை இருக்கும் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில்தான் என்றில்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வெளியூரில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம்.

அப்பச்சி ஜிபேயில் பணம் அனுப்பியது எங்களுக்குச் சாட்சியாக இருக்கிறது. நுரையோடு ஸ்டிக்கை போட்டோ எடுத்து, வடித்த ஆயிலில் ஒரு பாட்டில் பிடித்து வைத்து, திருச்சி மெக்கானிக்கிடம் கையெழுத்தோடு எழுதியும் வாங்கியிருக்கிறேன். உங்களுக்கும் இதே போல் நடந்திருந்தால், அடுத்த மெக்கானிக் ஆயிலை வடித்துக் கொட்டுவதற்கு முன்னால் இதையெல்லாம் சேர்த்துவிடுங்கள். கொட்டிய பிறகு நம் பக்கம் நிரூபிக்க ஒன்றும் இருக்காது.