மால்டிஸ் பழ அட்டைகள்: வாங்கலாம், கூடவே ஒரு பேனாவும் வேண்டும்

முதியோர் பராமரிப்பு வேலைக்கு ஐரோப்பியத் தீவு நாடான மால்டாவுக்குக் கிளம்புகிறவர்களுக்காக, மதுரை மேலமாசி வீதியில் ஒரு பழ அட்டை டப்பா விற்கிறது. 48 அட்டை, 350 ரூபாய். ஒரு பக்கம் படம். மறுபக்கம் அந்த நாட்டு மொழியான மால்டிஸில் பெயர், தமிழில் உச்சரிப்பு, ஒலி கேட்க க்யூஆர் கோடு. மால்டாவில் ஆங்கிலமும் ஆட்சிமொழிதான், கடைகண்ணிக்கு அது போதும். ஆனால் அங்குள்ள தாத்தா பாட்டிகளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போகிறவர்களுக்கு மால்டிஸ் நாலு வார்த்தை தெரிந்திருப்பது நல்லது.

படங்களில் குறையே இல்லை. தடித்த அட்டை, லேமினேஷன், யானைக்கல் பழக்கடையில் பார்க்கிற மாதிரியே நிறம். வம்பெல்லாம் மறுபக்கத்தில்.

தமிழ் உச்சரிப்பை எழுதியவர் மால்டிஸை ஆங்கிலம்போல் வாசித்திருக்கிறார். சப்பாத்திக்கள்ளிப் பழம் 'பஜ்தார் டாக்ஸ்' என்று ஆரம்பிக்கிறது. மால்டிஸில் ஜே எழுத்துக்கு 'ய' ஒலி, எக்ஸுக்கு 'ஷ'. சரியாகச் சொன்னால் 'பைத்தர் தஷ்ஷெவ்க்', அதுவும் முதல் 'ப' பாட்டியில் வரும் 'ப' அல்ல, அன்பில் வரும் 'ப'. தமிழ் எழுத்தில் இந்த வித்தியாசம் தெரியாது. அட்டையில் அதற்கு ஒரு குறிகூட இல்லை. ஆப்ரிகாட் 'பெர்குக்' என்று இருக்கிறது. க்யூ எழுத்து 'க' இல்லை, தொண்டை அடைத்துத் திறக்கும் ஒலி. குழந்தை அடுப்புப் பக்கம் போனால் "அ-அ, தொடாதே" என்கிறோமே, அந்த இரண்டு 'அ'வுக்கு நடுவில் விழும் வெட்டுதான் அது. ஜியும் எச்சும் சேர்ந்த எழுத்து பெரும்பாலும் ஒலிக்காது, பக்கத்து உயிரை நீட்டும். அதனால் திராட்சை 'ஏனெப்'. அட்டையில் 'கெனெப்'.

ஆரஞ்சு அட்டைதான் ஆளை ரொம்பக் குழப்புகிறது. அச்சில் 'லரிங்', ஒலியில் 'லரிஞ்ச்'. மேலே புள்ளி வைத்த ஜி 'ஜ' ஒலி. சொல்லின் கடைசியில் வந்தால் அது 'ச்' ஆகிவிடும். பின்னால் 'ஆ' சேர்ந்தால் பழைய ஒலி திரும்பும்: 'லரிஞ்ஜா'.

அந்த 'ஆ'வை அட்டை கண்டுகொள்ளவே இல்லை. இதை உச்சரிப்பைவிடப் பெரிய குறை என்போம். மால்டிஸில் பல பழங்களுக்கு மூன்று வடிவம் உண்டு. பொதுவாகவோ எடையிலோ சொல்ல 'லரிஞ்ச்': அரைக்கிலோ என்றால் 'நொஃப்ஸ் கீலோ லரிஞ்ச்'. ஒரே ஒரு பழம் 'லரிஞ்ஜா'. 2 முதல் 10 வரை எண்ணினால் 'லரிஞ்ஜீத்': ஐந்து என்றால் 'ஹமெஸ் லரிஞ்ஜீத்'. 11 முதல் மறுபடி ஒருமை: இருபதுக்கு 'ஓஷ்ரீன் லரிஞ்ஜா'. அட்டையில் முதல் வடிவம் மட்டும் இருப்பதால், அதை மனப்பாடம் செய்தவர் ஒரு ஆப்பிளுக்கும் 'துஃப்ஃபீஹ்' என்பார். சொல்ல வேண்டியது 'துஃப்ஃபீஹா'. வாழைப்பழத்தில் இந்தத் தொல்லை இல்லை, ஒன்று 'பனானா', பல 'பனானி', அவ்வளவுதான்.

ஆகவே வாங்கினால் முதல் வேலை, தமிழ் வரியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுவது. மால்டிஸ் எழுத்து 30தான், எழுதுகிறபடியே பெரும்பாலும் ஒலிக்கும். மேலே சொன்னவற்றோடு கோடு போட்ட எச் அழுத்தமான 'ஹ', புள்ளி வைத்த சி 'ச்' என்று தெரிந்துகொண்டால் தமிழ் வரியே தேவைப்படாது. அடுத்து பர்மனென்ட் மார்க்கரால் ஒருமையைப் படத்துப் பக்கமே எழுதுங்கள். லேமினேஷனில் பால்பாயின்ட் பேனா நிற்காது. 48-ஐயும் ஒரே மூச்சில் புரட்டாமல், மாதுளை 'ரும்மீன்', அத்தி 'தீன்', எலுமிச்சை 'லூமி' போன்ற வாயில் எளிதாக நுழைபவற்றை முதலில் முடித்து, க்யூ வருபவற்றைக் கடைசியில் எடுங்கள்.

பலாவுக்கும் நுங்குக்கும் அட்டை போட்டவர்கள், அங்கே வசந்தத்தில் வரும் சின்ன மஞ்சள் பழமான லோக்வாட்டை, அதாவது 'நஸ்ப்லி'யை விட்டுவிட்டார்கள். கொடைக்கானல் பிளம்ஸ் தெரிந்த ஊரில் பிளம்ஸுக்கும் ('ஆம்பஅர்') அட்டை இல்லை. ஒலிப்பதிவு தெளிவு, ஆனால் ஒரே ஒரு தடவைதான் சொல்கிறது. நெட் இல்லாவிட்டால் அதுவும் இல்லை.

வாங்கும்போது கடையிலேயே டப்பாவைப் பிரித்து எண்ணிப் பாருங்கள். சில டப்பாவில் மாதுளை இரண்டு இருக்கிறது, அத்தியைக் காணோம்.