ஓக்ரகோக்கா, ஹேட்டரஸா, நாக்ஸ் ஹெட்டா? அவுட்டர் பேங்க்ஸில் எங்கே தங்கலாம்

மூன்று வருடமாக ராலேயிலிருந்து குடும்பத்தோடு அவுட்டர் பேங்க்ஸ் போய்வருகிறோம், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலக் கடலோரத்தில் உள்ள தீவுத் தொடர் அது. முதல் தடவை நாக்ஸ் ஹெட், அடுத்தது ஹேட்டரஸ் தீவில் ரொடாந்தி, போன வருடம் ஓக்ரகோக். வரும் வருடத்துக்கும் ஓக்ரகோக்கிலேயே வீடு பதிந்தாயிற்று. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது இப்போதே தெரிந்திருக்கும்.

நாக்ஸ் ஹெட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. கடை, உணவகம், மருத்துவமனை எல்லாம் பக்கத்திலேயே. ஜாக்கீஸ் ரிட்ஜ் மணல்மேட்டில் சாயங்காலம் ஏறி உட்கார்ந்தால் ஒரு பக்கம் அட்லாண்டிக், மறுபக்கம் காயல். 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்கள் பறந்த இடம் கில் டெவில் ஹில்ஸில், சில மைல் தூரத்தில். முதல் பறத்தல் 12 வினாடி, 120 அடி. அந்தத் தூரத்தைக் கல் நட்டுக் காட்டியிருக்கிறார்கள். என் மகள் ஒரு கல்லிலிருந்து மறு கல்லுக்கு ஓடினாள். 12 வினாடிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். எதிர்க்காற்று எவ்வளவு பலமாக இருந்திருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது. கைக்குழந்தையோ வயதான அப்பா அம்மாவோ உடன் வந்தால் யோசிக்காமல் இங்கேயே தங்குங்கள்.

ஹேட்டரஸ்தான் மூன்றில் அழகு என்பேன். ஆனால் அங்கே தங்கும் முன் அந்த மண்ணின் குணம் தெரிந்திருக்க வேண்டும். இவை கடலுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கிடக்கும் தடுப்புத் தீவுகள். அடியில் பாறை கிடையாது, மணல்தான். புயல் அடிக்கும்போது கடல்பக்க மணலை அலை வாரி எடுத்துத் தீவுக்கு மேலாகக் காயல் பக்கம் கொட்டுகிறது. இப்படியே தீவு கொஞ்சம் கொஞ்சமாக மேற்கே உருண்டுபோகிறது. ஆரிகன் முகத்துவாரம், ஹேட்டரஸ் முகத்துவாரம் இரண்டையும் திறந்துவிட்டது 1846இல் வந்த ஒரே புயல். 1870இல் கட்டிய ஹேட்டரஸ் கலங்கரை விளக்கத்தின் காலடிக்குக் கடல் வந்துவிட்டதால், 1999இல் அதை அப்படியே பெயர்த்து 2,900 அடி நகர்த்தி வைத்தார்கள். ரொடாந்தி கடற்கரையில் நின்றால் இன்னும் தெளிவாகப் புரியும். மரக்கால்களில் நிற்கும் வீடுகளுக்கு அடியில் அலை புகுந்து வெளியேறுகிறது. 2020இலிருந்து பத்துக்கு மேற்பட்ட வீடுகள் கடலில் விழுந்துவிட்டன.

எங்கள் முடிவை மாற்றியது சாலை. ஹேட்டரஸ் தீவின் நெடுக ஓடுவது 12ஆம் எண் சாலை ஒன்றுதான். தனுஷ்கோடிச் சாலையில் போனவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கமானதாக இருக்கும். நாங்கள் போனது செப்டம்பர் கடைசியில். புயல் எதுவும் இல்லை. இரண்டு நாள் வாடைக்காற்று மட்டும். ஓதம் ஏறியதும் அலை மணல்மேட்டை உடைத்துக்கொண்டு சாலைக்கு வந்துவிட்டது. கார்க் கண்ணாடியில் மணல் சரசரவென்று உரச, முன்னால் ஒரு புல்டோசர் சாலையிலிருந்து மணலைத் தள்ளிக்கொண்டிருந்தது. திரும்பிப் போகச் சொன்னார்கள். ஒன்றரை நாள் முடங்கிக் கிடந்தோம். ரொடாந்திக்கு வடக்கே இருந்த மோசமான வளைவைத் தவிர்க்க 2022இல் காயலுக்கு மேல் பாலம் திறந்திருக்கிறார்கள், அது பெரிய உதவி. ஆனாலும் மற்ற இடங்களில் சாலை கடலை ஒட்டித்தான் போகிறது.

ஓக்ரகோக்குக்குப் பாலமே கிடையாது, ஃபெர்ரி மட்டும்தான். இதைத்தான் எல்லாரும் குறையாகச் சொல்கிறார்கள். போய்ப் பார்த்த பிறகு எனக்கு அதுவே பலமாகத் தெரிகிறது, ஏனென்றால் அங்கிருந்து மூன்று படகு வழி இருக்கிறது. ஹேட்டரஸிலிருந்து வரும் கார் ஃபெர்ரி இலவசம், முன்பதிவு இல்லை, கோடையில் நீண்ட வரிசை. முகத்துவாரத்தில் மணல்திட்டு சேர்ந்துவிட்டதால் பழைய நேர்வழியை விட்டுச் சுற்றிப் போகிறது, ஒரு மணி நேரம் ஆகும். அது வந்து சேரும் வடமுனைச் சாலையிலும் கடல் ஏறுவதுண்டு. ஆனால் பெருநிலப் பக்கம் போகும் சீடர் ஐலண்ட், ஸ்வான் குவார்ட்டர் படகுகள் கிளம்புவது ஊருக்குள் சில்வர் லேக் துறையிலிருந்து. 12ஆம் எண் சாலை மூடிக்கிடந்தாலும் வீட்டிலிருந்து நேராகத் துறைக்குப் போய்ப் படகில் ஏறிவிடலாம். காற்று மிகுந்தால் அந்தப் படகுகளும் நிற்கும். எங்களுக்கு ஒரு தடவையும் அப்படி ஆகவில்லை, ஆனால் நாங்கள் தங்கியதே ஐந்து நாள்தான்.

ஊர் அமைந்திருக்கும் விதமும் வேறு. கடலோரம் முழுக்கத் தேசியக் கடற்கரைப் பூங்காவுக்குச் சொந்தம், கடலைப் பார்த்து ஒரு வீடுகூட இல்லை. ஊர் காயல் பக்கம் ஒதுங்கி நிற்கிறது. அதனால் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன்: 2019 டோரியன் புயலில் காயல் தண்ணீரே திரும்பி வந்து வீடுகளை மூழ்கடித்தது. பல வீடுகளை அதற்குப் பிறகு உயர்த்தியிருக்கிறார்கள்.

காரை நிறுத்திவிட்டு ஐந்து நாளும் சைக்கிளில்தான் சுற்றினோம். 1823இல் கட்டிய வெள்ளைக் கலங்கரை விளக்கம் இன்னும் எரிகிறது. கடற்கொள்ளையன் பிளாக்பியர்ட் 1718இல் கொல்லப்பட்டது இந்தத் தீவின் கரையோரத்தில்தான். என்னை நிறுத்தி வைத்தது வேறொரு சின்ன இடம்: மரநிழலில், வெள்ளை வேலிக்குள் நான்கு கல்லறைகள். 1942 மே மாதம் ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்த பெட்ஃபர்ட்ஷையர் கப்பலின் பிரிட்டிஷ் மாலுமிகள். மேலே அவர்கள் நாட்டுக் கொடி பறக்கிறது.

அவுட்டர் பேங்க்ஸின் வடக்கே கொரோல்லா பக்கம் காட்டுக் குதிரைகளைப் பார்க்க ஒரு பகல் மட்டும் போனோம். அங்கே தங்குவதைப் பற்றித் தங்கியவர்களிடம் கேளுங்கள்.

ராலேயிலிருந்து ஓக்ரகோக் போவதாக இருந்தால் ஹேட்டரஸைச் சுற்றாமல் ஸ்வான் குவார்ட்டர் வழியாகப் போங்கள். கட்டணம் உண்டு, படகில் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் முன்பதிவு செய்யலாம். வீடு பதியும் அன்றே படகுக்கும் பதிந்துவிடுங்கள்.