முதுகலையா, குருவின் திண்ணையா?

மதுரைப் பள்ளிகளில் பாட்டு சொல்லிக்கொடுக்கும் தோழிகள் அடிக்கடி கேட்பது இது: எம்.ஏ. இசை படிப்பதா, குருவிடமே தொடர்வதா? கமகமும் (சுரங்களை அசைத்துப் பாடும் நுணுக்கம்) குரல்வளமும் குருவிடம்தான் வரும், அதற்கு ஈடில்லை. ஆனால் நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வகுப்பு வேறு உலகம். முதல் பாடமான சரளி வரிசையை ஏன் 15ஆவது மேளமான (தாய் ராகமான) மாயாமாளவகௌளையில் தொடங்குகிறோம் என்று ஒரு சிறுமி கேட்டாள். முன்பென்றால் "வழக்கம்" என்றிருப்பேன். முதுகலை படித்த தைரியத்தில், அந்த ராகத்தின் முன்பாதி ஸரிகம, பின்பாதி பதநிஸ இரண்டும் ஒரே இடைவெளிகளில் அமைவதால் பழகுவது எளிது என்று கரும்பலகையில் வரைந்து காட்டினேன். அவள் முகம் மலர்ந்ததை மறக்கவே முடியாது! சம்பந்தர் இந்த மதுரையில் பாடிய திருநீற்றுப் பதிகத்தையும் இப்போது காந்தாரப் பண் (பண் என்பது பழந்தமிழ் ராகம்) என்று சொல்லியே கற்பிக்கிறேன். செலவும் அலைச்சலும் படிப்பில்தான் அதிகம். வகுப்பறைக்காக என்றால், நான் முதுகலையைத்தான் சொல்வேன். குருவிடம் ஞாயிறுதோறும் போய்க்கொண்டே.