டான்ட்ரெயில்: தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து நீண்ட நாள் ஆடிப் பார்த்த அனுபவம்

பலர் சேர்ந்து இணையத்தில் ஆடும் ஃபைனல் ஃபேண்டஸி 14-இன் ஐந்தாவது விரிவாக்கமான டான்ட்ரெயில் 2024 ஜூலை 2 அன்று வெளியானது. முன்பதிவு செய்தவர்களுக்கு ஜூன் 28-லேயே கதவு திறந்தது. லெவல் உச்சம் 90-லிருந்து 100 ஆனது. வைப்பர், பிக்டோமான்சர் என்று இரண்டு புது ஜாப்கள், அதாவது ஆடுபவர் ஏற்கும் போர்த் தொழில்கள், வந்தன. முதல் வாரத்தில் எழுதப்பட்ட விமர்சனங்கள் பெரும்பாலும் கதையைப் பற்றியே பேசின. நாள்பட ஆடிப் பார்த்தால் வேறொரு விஷயம் தெரிகிறது. சண்டை அமைப்பில் இந்த ஆட்டம் இதுவரை தொடாத உயரத்தை டான்ட்ரெயில் தொட்டிருக்கிறது. சிறு குழுவாகப் போகும் சாதாரண டஞ்சனில் வரும் பாஸ், அதாவது பெரிய எதிரிகூட, அடுத்தடுத்து யோசிக்க வைக்கிறது. ஆனால் வேகம் கூடிய அளவுக்கு, இந்தியாவில் சர்வரே இல்லாத ஆட்டத்தைத் தருமபுரியிலோ ஓசூரிலோ உட்கார்ந்து ஆடுபவருக்குப் பிங் கணக்கும், அதாவது செய்தி சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரமும், முக்கியமாகிவிட்டது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறோம்.

டேட்டா சென்டர்கள் ஜப்பான், வட அமெரிக்கா, ஐரோப்பா, ஓசியானியா என்று நான்கு பகுதிகளில் இருக்கின்றன. ஒளியிழைக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அதாவது ஒவ்வொரு 1000 கிலோமீட்டருக்கும் போக வர 10 மில்லி வினாடி. சென்னையிலிருந்து டோக்கியோ நேர்கோட்டில் 6,400 கிலோமீட்டர் அளவில் இருக்கிறது. கடலடிக் கேபிள் நேர்கோட்டில் போகாமல் சிங்கப்பூர் பக்கம் சுற்றிக்கொண்டு போகும். ஆகவே எந்த இணைப்பு வாங்கினாலும் 100 மில்லி வினாடிக்குக் கீழே எதிர்பார்க்க வேண்டாம். வேகம் 100 எம்பிபிஎஸ்ஸா 300-ஆ என்பதற்கும் இதற்கும் தொடர்பு இல்லை. பாதைதான் எல்லாம். ஓசூரில் ஒரே தெருவில் ஒரு வீட்டு இணைப்பு பெங்களூரு வழியாகவும் அடுத்த வீட்டு இணைப்பு சென்னை வழியாகவும் வெளியே போகலாம். பாதை மாறினால் பிங்கும் மாறும்.

மேற்குப் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. 2025 செப்டம்பரில் செங்கடலில் ஜித்தா அருகே கேபிள்கள் அறுந்தபோது இந்தியாவிலிருந்து ஐரோப்பாவுக்கான போக்குவரத்து சுற்றுவழியில் திரும்பியது. அப்படிப்பட்ட நாட்களில் ஐரோப்பிய சர்வரில் ரெய்டு எனப்படும் எட்டுப் பேர் கடும் சண்டை ஆடுவது வீண் வேலை. எங்கள் பரிந்துரை ஜப்பானின் எலிமெண்டல் டேட்டா சென்டர். அதிலுள்ள டான்பெரி, குஜாதா ஆகிய உலகங்களில் (சர்வர்களில்) ஆங்கிலம் பேசும் தென்கிழக்கு ஆசிய ஆட்டக்காரர்கள் நெடுங்காலமாக இருக்கிறார்கள். 2022-இல் ஓசியானியாவின் மெட்டீரியா டேட்டா சென்டர் திறந்ததும் ஒரு பகுதியினர் அங்கே போய்விட்டாலும் ஆள் பஞ்சம் இல்லை. நேரமும் ஒத்துவரும். ஜப்பானில் இரவு 8 மணி என்பது நமக்கு மாலை 4:30. ஐரோப்பாவில் கூட்டம் சேர்வது நமக்கு நள்ளிரவை ஒட்டித்தான். காலையில் சிப்காட் ஷிஃப்டுக்குப் போகிறவருக்கு அது சரிப்படாது.

ஜப்பானியர் குழுவில் சேர மொழி தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம். சாட்டில் ஒரு சொல்லின் முதல் சில எழுத்துகளை அடித்து டேப் விசையை அழுத்தினால் தானியங்கி மொழிபெயர்ப்புப் பட்டியல் வரும். அதிலிருந்து எடுத்துப் போடும் சொல், படிப்பவரின் மொழியில் தெரியும். தமிழ் எழுத்து சாட்டில் வராது. நம்மவர்களுக்குள் ஆங்கில எழுத்தில் தமிழ்தான்.

பிங்கை அளக்க இணையதள வேகச் சோதனையை நம்பக் கூடாது. அது பக்கத்து ஊர் சர்வரைத்தான் அளக்கும். விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, நெட்வொர்க் பக்கத்தில் டிசிபி இணைப்புகள் பட்டியலைப் பாருங்கள். ஆட்டம் ஓடும்போது அதன் வரிசையில் லேட்டன்சி என்று மில்லி வினாடி காட்டும். மாலை 5, இரவு 9, நள்ளிரவு என்று மூன்று வேளை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சராசரி 160 ஆக இருந்து நிலையாக நின்றால் ஆடலாம். 120-க்கும் 300-க்கும் இடையே குதித்தால் கோளாறு அநேகமாக வீட்டு வைஃபையில் இருக்கும். முதலில் லேன் கேபிள் போட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகும் குதித்தால் மட்டும், இணைப்பை வேறு பாதையில் அனுப்பும் கேமிங் விபிஎன் பக்கம் போகலாம். பாதை மோசமாக இருந்தால் அது உதவும். பாதை ஏற்கெனவே நன்றாக இருந்தால் பணம்தான் வீண்.

இந்த எண் ஏன் முக்கியம் என்றால், ஒரு திறனை அழுத்தியதும் சுமார் 0.6 வினாடி கை பூட்டிக்கொள்ளும். சர்வரின் பதில் வந்த பிறகே அந்தக் கணக்கு தொடங்குவதால், பிங்கும் அதோடு கூடிவிடும். ஒரு முக்கிய அடிக்கும் அடுத்ததற்கும் இடையிலான காத்திருப்பான ஜிசிடி 2.5 வினாடி. ஒரு முக்கிய அடி, இடையில் இரண்டு உடனடித் திறன்கள் என்றால் மொத்தம் மூன்று பூட்டு. பிங் 150 என்றால் 0.75-ஐ மூன்றால் பெருக்கி 2.25 வினாடி. அடங்கிவிடும். பிங் 250 என்றால் 2.55. அடுத்த அடி தள்ளிப்போகும். ஒவ்வொரு முறையும் இப்படித் தள்ளிப்போனால் பத்து நிமிடச் சண்டையில் பல அடிகள் காணாமல் போகும். ஆட்டக்காரரின் விரலில் குறை இருக்காது, ஆனாலும் டிபிஎஸ், அதாவது வினாடிக்கு எதிரிக்கு விழும் சேதம், குறையும். இந்தப் பூட்டைக் குறைத்துக் காட்டும் மூன்றாம் தரப்புக் கருவிகள் உண்டு. அவை ஆட்ட விதிகளுக்கு எதிரானவை. கணக்கே போய்விடலாம் என்பதால் அந்த வழி வேண்டாம்.

இதை வைத்தே ஜாபைத் தேர்ந்தெடுக்கலாம். மெஷினிஸ்டின் ஹைப்பர்சார்ஜ் நேரத்தில் ஜிசிடி 1.5 வினாடியாகச் சுருங்கும். இடையில் ஒரு திறன் செருகினால் இரண்டு பூட்டு. 150 பிங்கில் அது மிகச் சரியாக 1.5. நம் பக்கத்து இணைப்பில் எப்போதும் கத்தி முனையில் நிற்கும் ஜாப் அது. நிஞ்ஜாவின் முத்திரைகளும் அரை வினாடி இடைவெளியில் வருவதால் அதே தொல்லை. புது வைப்பர் பார்க்கத்தான் பயமுறுத்தும். ரீஅவேக்கன் நேரத்தில் 2 வினாடி அடிகள், 15 சதவீத வேக ஊக்கத்தால் 1.7 ஆகும். ஒற்றைச் செருகல் மட்டும் என்பதால் 150 பிங்கில் 1.5-தான் செலவு. தாராளமாக ஆடலாம். 7.05 பேட்சில் (இடைப் புதுப்பிப்பில்) எதிரி மேல் வைத்திருக்க வேண்டிய நாக்ஷஸ் நாஷ் என்ற விளைவு நீக்கப்பட்டதால் கவனிக்க வேண்டியதும் ஒன்று குறைந்தது.

இருந்தாலும் இங்கிருந்து ஆடுபவருக்கு உகந்தது பிக்டோமான்சர்தான். மந்திரம் நீளமாக ஓடுவதால் பிங் அதற்குள் மறைந்துவிடும். இந்த ஜாப் தன் தாக்குதல்களுக்கு முன் வரைய வேண்டிய படங்களை சண்டைக்கு வெளியே நொடியில் வரையலாம். சண்டைக்குள் ஒவ்வொன்றும் 3 வினாடி நின்று வரைய வேண்டும். ஆகவே கவுண்ட்டவுனுக்கு முன் மூன்று படமும் தயாராக இருக்க வேண்டும். பாஸ் மறைந்து மீண்டும் வரும் இடைவெளியில் காலியானதை நிரப்ப வேண்டும். ஆயுதப் படத்திலிருந்து வரும் சுத்தியல் அடிகளுக்கு மந்திர நேரம் கிடையாது. அவற்றையும், அதேபோல் உடனே விழும் ஹோலி இன் ஒயிட் மந்திரத்தையும் ஓட வேண்டிய நேரத்துக்கென்று கையில் வைத்துக்கொள்ளுங்கள். புதியவர்கள் கெடுக்கும் இடம் இதுதான். நிற்க வாய்ப்பிருக்கும்போது சுத்தியலைச் செலவழித்துவிட்டு, ஓட வேண்டிய நேரத்தில் வெறும் கையோடு நிற்பார்கள்.

இரண்டு ஜாப்களும் லெவல் 80-இல் தொடங்கும். ஏற்கெனவே ஏதாவது ஒரு ஜாப் 80 தொட்டிருக்க வேண்டும். வைப்பர் குவெஸ்ட் (தொடக்கப் பணி) உல்டா நகரில், பிக்டோமான்சர் குவெஸ்ட் பழைய கிரிடேனியா நகரில் கிடைக்கும்.

அடி விழப்போகும் இடத்தைக் காட்டும் ஆரஞ்சு வட்டம் தரையில் மறையும் கணத்தில் யார் உள்ளே நின்றார்கள் என்று சர்வர் முடிவு செய்துவிடும். தீயும் வெடிப்பும் அதற்குப் பிறகுதான் திரையில் வரும். 'நான் வெளியே வந்துவிட்டேனே, ஏன் அடி விழுந்தது' என்ற புகாருக்குப் பதில் இதுவே. திரையில் வெளியே வந்த செய்தி சர்வருக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. எதிரியின் தாக்குதல் தயாராவதைக் காட்டும் காஸ்ட் பார் முடியும் முன்பே கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். ஆர்கேடியன் ரெய்டின் முதல் பாஸான பிளாக் கேட் பாதி மேடையை அடித்து, உடனே மறு பாதியை அடிப்பாள். தொலைவில் போய் நின்றால் திரும்பி வர நேரம் போதாது. நடுக்கோட்டை ஒட்டி நின்று, முதல் அடி விழுந்ததும் இரண்டு எட்டு வைத்துக் கடந்தால் போதும்.

இதோடு ஒரு அமைப்பையும் மாற்றிவிடுங்கள். கேரக்டர் கான்ஃபிகரேஷனில் பேட்டில் எஃபெக்ட்ஸ் என்ற இடத்தில் உங்களுடையதை முழுமையாகவும், குழுவினருடையதைக் குறைவாகவும், மற்றவர்களுடையதை இல்லாமலும் வையுங்கள். எட்டுப் பேர் மினுமினுப்பில் தரை தெரியாமல் சாவது நின்றுவிடும். பழைய லேப்டாப்புக்கும் சுமை குறையும்.

இனி கதை. முதல் பாதியில் டுரால் கண்டத்தின் அரியணைப் போட்டியில், போட்டியாளர்களில் ஒருவரான வூக் லமாட்டுக்குத் துணையாகப் போகிறோம். உர்கோபாச்சா, கோசமவுக்கா என்ற இரண்டு மண்டலங்களில் எதை முதலில் எடுத்தாலும் மற்றதையும் முடித்தே ஆக வேண்டும். இந்தப் பகுதி இழுவைதான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. போய்ப் பேசு, திரும்பி வந்து பேசு என்றே நீள்கிறது. ஊர்களின் உணவு, விளைச்சல், வழக்கங்களைக் காட்டும் அக்கறை மட்டும் உண்மையாக இருக்கிறது. ஷாலோவானி தாண்டி ஹெரிடேஜ் ஃபவுண்டில் நுழைந்த பிறகு கதை நிமிர்கிறது. கடைசி மண்டலமான லிவிங் மெமரியில் கதை நகர நகர இடத்தின் தோற்றம் நிரந்தரமாக மாறும். படம் பிடிக்க விரும்புவோர் அடுத்த குவெஸ்டைத் தொடும் முன் பிடித்துவிடுங்கள்.

முதன்மைக் கதையும் அதில் வரும் டஞ்சன்களுமே ஒரு ஜாபை 100-க்கு அருகில் கொண்டுபோய்விடும். பக்கக் குவெஸ்டுகளை அந்த ஜாபில் வீணாக்காமல் இரண்டாவது ஜாபுக்கு ஒதுக்குங்கள். மண்டலத்தில் பறப்பதற்குத் திரட்ட வேண்டிய ஈதர் கரன்ட்டுகள் மண்டலத்துக்கு 15. வெளியில் கிடப்பவை 10, மீதி குவெஸ்டில் வரும். கதை டஞ்சன்களை டியூட்டி சப்போர்ட்டில் கணினித் துணைவர்களோடே முடிக்கலாம். பிங் குதிக்கும் இரவுகளுக்கு அதுதான் வழி. டிரயல் எனப்படும் எட்டுப் பேர் பாஸ் சண்டைக்கு மட்டும் மனிதர்கள் வேண்டும்.

கடிகாரக் கணக்கு நமக்குச் சாதகமாக இருக்கிறது. தினசரி ரீசெட் நம் நேரப்படி இரவு 8:30. எட்டு மணிக்கு உட்கார்ந்து, ஆட்டமே டஞ்சனைத் தேர்ந்து தரும் அன்றைய ரூலெட்டை முடித்து, 8:30-க்குப் பிறகு அடுத்த நாளுடையதையும் முடித்தால் ஒரே அமர்வில் இரண்டு நாள் போனஸ். வார ரீசெட் செவ்வாய் பிற்பகல் 1:30. உடை வாங்கும் நாணயமான, உச்சவரம்புள்ள டோம்ஸ்டோன் வாரத்துக்கு 450. மேலாடை, கீழாடை தலா 825, தலை, கை, கால் தலா 495, அணிகலன் ஐந்தும் தலா 375. ஆயுதம் நீங்கலாக ஒரு ஜாபுக்கு மொத்தம் 5,010, அதாவது பன்னிரண்டு வாரம். ரெய்டில் கிடைக்கும் உடையைப் பார்த்து, கிடைக்காத இடங்களுக்கு மட்டும் டோம்ஸ்டோனைச் செலவிட்டால் காலம் பாதியாகும்.

கணினி: குறைந்தபட்சம் ஐ7-7700, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 970, 140 ஜிபி இடம். டான்ட்ரெயிலோடு வந்த 7.0 பதிப்பில் ஒளியும் முகங்களும் புதுப்பிக்கப்பட்டதால், பழைய நாட்களில் ஓடிய லேப்டாப் இப்போது திணறலாம். வாங்கும் முன் கணினி தாங்குமா என்று காட்டும் இலவச பெஞ்ச்மார்க்கை ஓட்டிப் பாருங்கள். ஹார்டு டிஸ்கில் வைத்தால் டெலிபோர்ட்டுக்குப் பின் மற்றவர்கள் ஓடத் தொடங்கியிருப்பார்கள், நீங்கள் இன்னும் ஏற்றத் திரையில் இருப்பீர்கள். எஸ்எஸ்டி அவசியம்.

கோடை மழையில் மின்சாரம் ஒரு நொடி கண்சிமிட்டினாலும் 90002 என்று இணைப்பு அறுந்த பிழை வரும். கணினிக்கு யுபிஎஸ் வைத்தவர்கள்கூட ரவுட்டரையும் ஃபைபர் பெட்டியையும் மறந்துவிடுகிறார்கள். அவற்றுக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் தனியாக வேண்டும். அறுந்தாலும் உடனே திரும்ப நுழையுங்கள். டஞ்சன் முடியாமல் இருந்தால் உள்ளேயே போய்ச் சேரலாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவித்த நாளில் பகல் ரெய்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். மற்ற ஏழு பேரின் நேரமும் அதில் இருக்கிறது.

100 தொட்ட பிறகு செய்ய நிறைய வந்திருக்கிறது. 2025 மே மாதத்து 7.25-இல் வந்த ஆக்கல்ட் கிரசென்ட்டில் 72 பேர் வரை ஒரே களத்தில் இருக்கலாம். ஆள் இருக்கும் நேரத்தில் போனால் அருமை, வெறிச்சோடிய நேரத்தில் போனால் நடைதான். கைவினைக்காரர்களுக்கு காஸ்மிக் எக்ஸ்ப்ளோரேஷன் இருக்கிறது. அதில் பிங் ஒரு பொருட்டே இல்லை.

புதிதாகத் தொடங்குபவர் அவசரப்பட்டு டான்ட்ரெயில் வாங்கக் கூடாது. முந்தைய கதை முழுவதும் முடிந்தால்தான் இது திறக்கும். லெவல் 70 வரை, ஸ்டார்ம்பிளட் முடிய, இலவச டிரயல் கணக்கில் காலவரம்பின்றி ஆடலாம். ஆட்டப் பணமான கில் 3 லட்சத்தோடு நிற்கும், ஆட்டக்காரர்கள் வாங்கி விற்கும் சந்தைப் பலகை கிடையாது, குழுவை நீங்களாகத் தொடங்க முடியாது. ஒருமுறை பணம் கட்டிவிட்டால் அந்தக் கணக்கை டிரயலுக்குத் திருப்ப முடியாது. அடிப்படைப் பதிப்பை ஸ்டீமில் வாங்கினால் விரிவாக்கத்தையும் ஸ்டீமிலேயே வாங்க வேண்டும். இரண்டையும் கலந்து வாங்கினால் வேலை செய்யாது. மாதச் சந்தா 12.99 டாலரில் தொடங்குகிறது. 2021 அக்டோபரில் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி தானாகப் பிடிக்கும் அட்டைக் கட்டணங்களுக்குக் கூடுதல் ஒப்புதல் தேவை என்பதால், நம் அட்டைகளில் புதுப்பிப்பு அவ்வப்போது தோற்கும். ஸ்டீம் கணக்கு வைத்திருப்பவர்கள் யுபிஐ மூலம் வாலட்டை நிரப்பி அதிலிருந்து கட்டுவது தலைவலியைக் குறைக்கும். பெரிய பேட்சுகளுக்கு நடுவே சில மாதம் இடைவெளி வருவதால் சந்தாவை நிறுத்தி வைப்பதிலும் தவறில்லை. மனை வாங்கி வீடு கட்டியவர்கள் மட்டும் 45 நாளுக்குள் ஒருமுறை வீட்டுக்குள் நுழைந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வீடு இடிக்கப்படும். அபார்ட்மெண்ட் அறைக்கு இந்தக் கெடு கிடையாது.