ஆறு ஆண்டுகளும் ஒரு வளையமும்

பூஞ்சை படிந்த கண்ணாடிகளைத் துடைத்துச் சரிசெய்து, என் பைனாகுலர் சென்ற வாரம்தான் பழுதுபார்ப்பவரிடமிருந்து திரும்பி வந்தது. அதே வாரத்தில் நண்பர் ஒருவர், இந்த மாதிரியின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்டார். ஆறு ஆண்டுகள் கழுத்தில் தொங்கிய ஒன்றைப் பற்றி ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

8×42, அதாவது எட்டு மடங்கு பெருக்கமும் 42 மி.மீ. அகல முன்கண்ணாடியும் என்ற அளவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. கடற்காற்றில் நின்று பார்க்கும்போது பத்து மடங்கு காட்டும் கருவியை விட எட்டு மடங்கு காட்டுவதே கைக்கு நிலையாக நிற்கிறது. பூஞ்சைக்கும் கருவியைக் குறை சொல்ல மாட்டேன். உப்பு ஈரம் உலருமுன் உறைக்குள் வைத்து மூடியது என் தவறு. இப்போது அதைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன்.

என் மனக்குறை முழுவதும் வலக்கண் வளையத்தின் மீதுதான். இரு கண்களின் பார்வை வேறுபாட்டை ஈடுசெய்வதற்காக உள்ள அந்த வளையம், ஒருமுறை அமைத்தால் அப்படியே நிற்க வேண்டும். இதில் பூட்டும் இல்லை, போதிய இறுக்கமும் இல்லை. பையிலிருந்து எடுக்கும்போது துணி உரசினாலே நகர்ந்துவிடுகிறது. நகர்ந்தது உடனே தெரிவதும் இல்லை. இடக்கண் தெளிவாகக் காட்டுவதை வைத்தே மூளை சமாளித்துக்கொள்ள, கால் மணி நேரம் சென்று புருவத்துக்கு மேல் வலிக்கத் தொடங்கும்போதுதான் காரணம் புரிகிறது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதக் காலையில், தனுஷ்கோடியிலிருந்து அரிச்சல்முனைக்குச் செல்லும் சாலையோரம் நின்றிருந்தேன். நீர் வற்றிய மணல் திட்டில் ஆலாக்களும் கடற்காகங்களும் கூட்டமாக நிற்க, அவற்றுக்குப் பின்னால் கறுப்பும் வெள்ளையுமாக, உடலுக்குப் பெரிதான தலையோடு நான்கு பறவைகள் தெரிந்தன. நான் பல குளிர்காலங்களாகத் தேடிய நண்டுதின்னிகள் அவை. அரபிக் கடலோரங்களில் மணலில் வளை தோண்டி, அதற்குள் ஒற்றை வெள்ளை முட்டையிடும் பறவை அது; தன் குடும்பத்தில் வேறு இனமே இல்லாதது. அந்தத் தடித்த கறுப்பு அலகைப் பார்க்க வேண்டுமென்று பைனாகுலரை உயர்த்தினால், வலப்பக்கம் முழுவதும் மங்கல். நடுச் சக்கரத்தைத் திருப்பினேன். வலக்கண் தெளிந்தது, இடக்கண் மங்கியது. ஒரு பறவை சில அடிகள் ஓடி, நின்று, மணலில் குத்தி எதையோ எடுத்தது. அது நண்டுதானா என்று நான் காணவில்லை. வளையத்தைச் சரிசெய்து நிமிர்வதற்குள், வேன் ஒன்றின் ஒலிப்பானுக்கு நான்கும் எழுந்து தெற்கே பறந்துவிட்டன. அந்த இழப்பு இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஆனால் இதே கருவிதான் ராமநாதபுரத்தில் எங்கள் வீட்டுத் தோட்டத்தை எனக்குப் புதிதாகக் காட்டியது. இரண்டு மீட்டர் தொலைவில் இருப்பதையும் இது கூர்மையாகக் காட்டும் என்பதை வாங்கும்போது நான் பொருட்படுத்தவில்லை. சென்ற ஆண்டு சமையலறைச் சன்னலுக்கு வெளியே தையல்சிட்டு ஒன்று கூடு கட்டியபோது, சன்னலுக்கு இப்பாலிருந்தே பார்த்தேன். இலையின் ஓரத்தில் அலகால் துளையிட்டு, பஞ்சு நாரை அதற்குள் செலுத்தி இழுத்தது. வெளியே நீண்ட நுனி பிரிந்து சிறு குஞ்சம்போல் பருத்து, நார் நழுவாதபடி துளையை அடைத்துக்கொண்டது. அந்தக் குஞ்சத்தின் இழைகளை என்னால் எண்ண முடிந்தது. நாள்தோறும் கேட்டுப் பழகிய குரலுக்குரிய சிட்டை அன்றுதான் நான் உண்மையில் பார்த்தேன்.

வளையத்தையும் இறுக்கித் தரும்படி பழுதுபார்ப்பவரிடம் கேட்டேன். இதன் அமைப்பே அப்படித்தான் என்றார். இப்போது சைக்கிள் டியூபில் வெட்டிய பட்டை ஒன்றை அதன்மேல் மாட்டியிருக்கிறேன். தோட்டத்துக்கு அது போதுகிறது, வெயில் ஏறிய கடற்கரையில் நெகிழ்ந்துவிடுகிறது.

ஆகவே, இத்தனை தெளிவான கண்ணாடியை இந்த விலைக்கு நான் வேறெதிலும் கண்டதில்லை என்றாலும், வாங்க வேண்டாம் என்றே நண்பருக்குச் சொன்னேன். வேறெதை வாங்குவதானாலும், கடையிலேயே வளையத்தை அமைத்து, பைனாகுலரை நான்கைந்து முறை பைக்குள் போட்டு எடுத்து, அது நின்ற இடத்திலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.